ஒரே கமரா, ஒரே லென்ஸ், முப்பது நாள்: தோட்டத்தைப் படம் பிடித்தவர்களின் கதை

1823ஐத் தொடக்கமாக வைத்துத்தான் 2023இல் மலையகம் 200ஐ நினைவுகூர்ந்தோம். புகைப்படக்கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839இல், பாரிஸில். இடையில் 16 வருடம். அதாவது நம்ம முதல் தலைமுறை கோப்பித் தோட்டத்துக்கு வந்தபோது உலகத்தில் கமரா என்ற பொருளே புழக்கத்தில் இல்லை. அவர்களுக்குப் படம் இல்லாததில் ஆச்சரியமும் இல்லை.

ஆனால் கமரா வந்த பிறகு என்ன நடந்தது? இலங்கைத் தோட்டங்களுக்குக் கமரா வந்து நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. உலகத்தில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட தொழிலாளர்களில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் ஒருத்தி. தேயிலைப் பெட்டியில், தபாலட்டையில், விமானக் கம்பனி விளம்பரத்தில், தேர்தல் சுவரொட்டியில் எல்லாம் அவள் இருக்கிறாள். இருந்தும், ஒரு லயத்தின் ஒரு மாத வாழ்க்கையை நாளுக்கு நாள் காட்டும் படங்களைத் தேடினால் கைக்கு எதுவும் கிடைப்பதில்லை. வந்த கமரா எல்லாம் ஒரு நாள் வந்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போன கமராதான்.

ஒரே கமரா, ஒரே லென்ஸ், ஒரு மாதம், தினம் ஒரு படம் என்ற பயிற்சியைப் பற்றி இங்கே எழுதக் காரணம் அதுதான். உலகம் முழுக்கப் புகைப்படம் பழகுகிறவர்கள் செய்கிற சாதாரணப் பயிற்சி இது. சப்ரகமுவத் தோட்டத்துக்கு இது சாதாரணமில்லை என்பது எங்கள் எண்ணம். ஏன் என்று சொல்ல, இங்கே வந்துபோன கமராக்களின் கதையை முதலில் பார்க்க வேண்டும்.

முதல் கமரா: பேர் இல்லாத முகங்கள்

சிவனொளிபாதமலைப் பக்கம் பிறந்து, இரத்தினபுரியைத் தொட்டு ஓடும் களு கங்கை கடலில் விழும் இடம் களுத்துறை. 1875இல் இங்கிலாந்தில் இருந்து இலங்கை வந்து, களுத்துறையில் வீடு கொண்டவர் ஜூலியா மார்கரெட் கமரன். 19ஆம் நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் நாம் படித்த கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் அதே கமரன். இந்தக் குடும்பத்துக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன.

ஜூலியாவுக்கு முதல் கமரா கிடைத்தது 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் கொடுத்த பரிசாக. அந்த ஒரு மரப்பெட்டிக் கமராவையும் ஒரு லென்ஸையும் வைத்துத்தான் தொழிலைக் கற்றுக்கொண்டார். 1866 அளவில் பெரிய கண்ணாடித் தகடு பிடிக்கும் இன்னொரு கமராவுக்கு மாறினார். வாழ்நாள் முழுக்க அவருடைய கருவிகள் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் படம் எப்படி எடுத்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, வெள்ளி உப்புக் கரைசலில் நனைத்து, ஈரம் காயும் முன் கமராவில் வைத்து எடுத்து, ஈரம் காயும் முன்பே கழுவியும் ஆக வேண்டும். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள். வெளியில் எடுக்கப் போனால் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துப் போத்தல்களையும் தூக்கிக்கொண்டு போகணும். எதிரே நிற்கிறவர் பல விநாடி அசையாமல் நிற்கணும். பழைய படங்களில் நம்ம ஆட்கள் விறைத்துப்போய் நிற்பதைப் பார்த்து, பயத்தில் நிற்கிறார்கள் என்று நினைப்போம். பயமும் இருந்திருக்கலாம். ஆனால் அசைந்தால் படம் கெட்டுப்போகும், அதனால் அப்படி நிறுத்தி வைத்தார்கள் என்பதுதான் முதல் காரணம்.

இங்கிலாந்தில் ஜூலியா எடுத்தவர்களுக்கெல்லாம் பேர் உண்டு. டார்வின், கவிஞர் டெனிசன், வானியலாளர் ஹெர்ஷல். பெரிய மனிதர்கள் மட்டும் இல்லை. அவருடைய வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியர் அடிக்கடி அவர் படங்களில் வருகிறார். அவர் பேரும் இன்றுவரை எழுதப்படுகிறது. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவைதான் மிஞ்சியிருக்கின்றன. 1877இல் களுத்துறைக்கு விருந்தாளியாக வந்த ஓவியர் மரியான் நோர்த்தின் படத்துக்குப் பேர் இருக்கிறது. உழைக்கும் மக்களின் படங்களுக்கோ "களுத்துறைக் குடியானவர்கள்", "இளம் பெண், இலங்கை" என்ற மாதிரித் தலைப்புத்தான். படத்தில் முகம் தெளிவாக இருக்கிறது. கண் நம்மைப் பார்க்கிறது. பேர் மட்டும் இல்லை.

ஜூலியா 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் இறந்தார். பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறையை இன்றும் போய்ப் பார்க்கலாம். அவர் படம் பிடித்தவர்களின் பேரைத்தான் எங்கே போய்ப் பார்ப்பது?

இரண்டாவது கமரா: விற்கிற படம்

அதே காலத்தில் வியாபாரப் படக்காரர்களும் தோட்டங்களுக்கு வந்தார்கள். கொழும்பில் டபிள்யூ. எல். எச். ஸ்கீன் கம்பனி, கண்டியில் சார்ள்ஸ் ஸ்கோவன், 1890இல் இருந்து பிளாத்தே கம்பனி. இவர்கள் தோட்டத்தையும் தொழிற்சாலையையும் எடுத்து அல்பமாகவும் தபாலட்டையாகவும் விற்றார்கள். வாங்கியவர்கள் துரைமார், கப்பலில் வந்து இறங்கிய பயணிகள், லண்டனில் பங்கு வைத்திருந்தவர்கள்.

வாங்குகிறவருக்கு என்ன வேணுமோ அதுதான் படத்தில் இருக்கும். ஒழுங்காக நட்ட மலை, சுத்தமான தொழிற்சாலை, வரிசையாக நிற்கும் ஆட்கள், கூடையோடு சிரிக்கும் பெண். 1890இல் லிப்டன் வந்து தோட்டங்கள் வாங்கிய பிறகு, கூடைக்காரப் பெண் தேயிலையின் முத்திரையாகவே ஆகிவிட்டாள். அந்தப் படங்களுக்குக் கீழே எழுதியது "தமிழ்க் கூலிகள்", "கொழுந்து பறித்தல், சிலோன்". அங்கேயும் பேர் இல்லை.

சப்ரகமுவக்காரர்களான நமக்கு இதில் இன்னொரு நட்டமும் உண்டு. தபாலட்டைக்குப் பிடித்தது பனிமூடிய உயரமலை. "மலையகம்" என்று சொன்னதும் இன்றைக்கும் எல்லாருக்கும் கண்ணில் வருவது நுவரெலியாதான். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, காவத்தை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டம் வெக்கையான தோட்டம். தேயிலையோடு றப்பரும் கலந்தது. சிங்களக் கிராமத்துக்கு நடுவில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன டிவிசன்கள். இருட்டோடு கத்தியும் வாளியுமாகப் போகும் பால்வெட்டுத் தொழிலாளியை முத்திரையாக்கி யாரும் எதையும் விற்கவில்லை. அதனால் அவருக்கு அந்தப் பொய்ப் படம்கூடக் கிடைக்கவில்லை.

மூன்றாவது கமரா: அரசாங்கத்துக்கு வேண்டிய முகம்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் 75,000 - 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள்.

இந்தக் கணக்குக்குப் படம் தேவைப்பட்டது. இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்தவர்களுக்குக் கடவுச்சீட்டு வேணும், கடவுச்சீட்டுக்கு முகம் வேணும். வாழ்க்கையில் முதல் தடவை ஸ்டூடியோவுக்குப் போனதே அதுக்காகத்தான் என்று எங்கள் பாட்டி தாத்தாமார் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறோம். டவுனில் உள்ள ஸ்டூடியோவில் இரவல் சட்டை போட்டு, தலை வாரி, ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்த படம். அதோடு கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்துக்கு அலைந்து, பிறகு ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டுப் படம், தம்பிக்கு எதுவும் இல்லை. அண்ணன் நீலகிரிப் பக்கம் திரும்பவும் தேயிலைக்கே போனார், தம்பி இங்கேயே நின்றார்.

நின்றவர்களுக்கு இன்னொரு படம் தேவைப்பட்டது. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் வந்த அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்களுக்கும் பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் அது எட்டாக்கனி. போர்க்காலத்தில் சோதனைச் சாவடியில் அந்த அட்டை இல்லாத தமிழ்ப் பொடியன் என்ன பாடுபட்டான் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நாடற்றவர் என்ற நிலையைத் தீர்க்க 1988இலும் 2003இலும் சட்டங்கள் வர வேண்டியிருந்தது.

இந்த மூன்றாவது கமராவில்தான் முதல்முறையாகப் படத்தோடு பேரும் வந்தது. ஆனால் அது சந்தேகத்தின் பேர். நீ யார், எங்கே பிறந்தாய், எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்பதற்காக எழுதப்பட்ட பேர்.

நான்காவது கமரா: செத்தால் வரும், பிறகு நம்ம கைக்கும் வரும்

2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்தது. தொலைக்காட்சிக் கமராக்கள் வந்தன. மண், மழை, அழுகிற தாய்மார், நிவாரணப் பொதி. சில நாளில் போய்விட்டன. மலை சரிவதற்கு முந்திய மாதம் அந்த மக்கள் எப்படி இருந்தார்கள், சரிவுக்குப் பிந்திய மாதம் எங்கே படுத்தார்கள் என்பது செய்தியாகவில்லை. செய்திக் கமராவையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அதன் வேலை அன்றைய செய்தி.

நடுவில் ஒரு நல்ல மாற்றமும் நடந்தது. கமரா போனுக்குள் வந்தது, போன் நம்ம கைக்கு வந்தது. 2018 ஒக்டோபர் 24இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டுக் காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு கூடிய இளைஞர்கள் தங்களைத் தாங்களே படம் பிடித்தார்கள். 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த மலையகம் 200 நடைபயணத்தையும் நடந்தவர்களே நாளுக்கு நாள் பதிவு செய்தார்கள். முன்னோர் நடந்த பாதைக்குப் படம் இல்லாத குறையை இருநூறு வருடம் கழித்து ஓரளவுக்குத் தீர்த்தார்கள்.

என்றாலும் போராட்டமும் நடைபயணமும் விசேஷ நாட்கள். திருவிழா, கல்யாணம், சாமத்திய வீடு எல்லாம் அப்படித்தான். போனில் ஆயிரக்கணக்கில் படம் இருக்கும், அதில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைத் தேடிப் பாருங்கள்.

ஏன் ஒரே கமரா, ஏன் ஒரே லென்ஸ்?

1925இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்கா கமராவில் லென்ஸைக் கழற்றவே முடியாது. 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, அவ்வளவுதான். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரெசோன், லென்ஸ் மாற்றும் வசதி வந்த பிறகும் பெரும்பாலும் அந்த 50 மில்லிமீட்டரிலேயே நின்றார். 2009இல் மைக் ஜோன்ஸ்டன் என்ற அமெரிக்கப் புகைப்பட எழுத்தாளர், பழகுகிறவர்கள் ஒரு வருடம் ஒரே கமராவோடும் ஒரே லென்ஸோடும் இருந்து பாருங்கள் என்று எழுதினார். அதையே ஒரு மாதமாகச் சுருக்கிப் பலர் செய்கிறார்கள்.

இதன் பயன் எளிமையானது. லென்ஸ் மாறாவிட்டால் நீங்கள்தான் நகர வேண்டும். ஒருவரின் முகம் பெரிதாக வேண்டுமா, அவர் பக்கத்தில் போய் நிற்கணும். பக்கத்தில் போனால் பேசணும், பேசினால் பேர் தெரியும். ஸூம் லென்ஸில் பங்களா வாசலில் நின்றே மலையில் கொழுந்து எடுப்பவரின் முகத்தைப் பிடித்துவிடலாம். ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. போனில் செய்கிறவர்கள் ஸூம் பண்ணாமல் எடுத்தால் அதுவே ஒரே லென்ஸ்தான். புதுக் கமரா வாங்கத் தேவையில்லை.

ஓர் இடத்தில் நாள்கணக்கில் நின்றால் படம் எப்படி மாறும் என்பதற்கு உதாரணம் உண்டு. 1936இல் அமெரிக்காவின் அலபாமாவில், குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட மூன்று ஏழைக் குடும்பங்களோடு எழுத்தாளர் ஜேம்ஸ் ஏஜியும் படக்காரர் வோக்கர் எவன்ஸும் சில கிழமைகள் செலவிட்டார்கள். அனுப்பிய பத்திரிகை அதை வெளியிடவில்லை. 1941இல் புத்தகமாக வந்தது. ஒரு நாள் வந்தவர் எடுக்காத படங்கள் அதில் இருக்கின்றன: ஒரு சோடிச் சப்பாத்து, சமையலறைச் சுவரில் சொருகிய கரண்டிகள். ஆனால் அதிலும் அந்தக் குடும்பங்களின் பேரை மாற்றித்தான் போட்டார்கள், படங்களுக்குக் கீழே ஒரு வரியும் இல்லை. நாள்கணக்கில் நின்றாலும் வெளியாள் வெளியாள்தான்.

உள்ளாள் எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் எம். பழனிக்குமார் இருக்கிறார். மீன் விற்ற தாயின் மகன். மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குக் கமரா பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். சொந்தத் தாயையே பல நாள் தொடர்ந்து படமெடுத்து எழுதியவர். நமக்குப் பக்கத்தில் உள்ள வழிகாட்டி என்றால் அவர்தான்.

முப்பது நாளில் மட்டும் தெரிவது

ஒரு படத்தில் தெரியாதது முப்பது படத்தில் என்ன தெரியும்? றப்பரை எடுத்துக்கொள்வோம்.

பால்வெட்டில் பொதுவாக ஒரு மரத்தை ஒன்றுவிட்ட ஒரு நாள் வெட்டுவார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் சுமார் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டை சீவப்படும். மழை இல்லாத மாதத்தில் பதினைந்து வெட்டு. வெட்டுக்கோடு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்கும். இதை ஒரு நாள் படத்தில் பார்க்க முடியாது. ஒரே மரத்தை, ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்ஸால் முப்பது நாள் எடுத்தால் கோடு இறங்குவதைக் கண்ணால் காணலாம். நடுவில் லென்ஸை மாற்றினாலோ ஸூம் பண்ணினாலோ அளவு குழம்பிவிடும். ஒரே லென்ஸ் என்ற கட்டுப்பாடு இங்கே அழகுக்காக இல்லை, கணக்குக்காக.

இப்போது மழையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் இருந்து தென்மேற்குப் பருவமழை இரத்தினபுரியையும் கேகாலையையும் நனைத்து எடுக்கும். பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, சிரட்டையில் பாலோடு தண்ணி கலந்துவிடும். அன்றைக்கு வேற வேலை குடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் செக்ரோலில் பேர் விழாது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கே "பேர்" என்றுதான் சொல்வோம். முழுப்பேர், அரைப்பேர். அந்த மாதத்து முப்பது படத்தில் கோடு எத்தனை நாள் நகராமல் நின்றது என்று எண்ணினால், எத்தனை பேர் விழாமல் போனது என்று தெரியும். மரமே இன்னொரு செக்ரோல் ஆகிவிடும். நாட்சம்பளம் இவ்வளவு என்று வர்த்தமானியில் எழுதுகிறார்கள். மாதத்தில் எத்தனை நாள் அந்தச் சம்பளம் கிடைத்தது என்பதற்கு இது சாட்சி.

தேயிலையும் இப்படித்தான். தாழ்நிலத்தில் ஒரு மலைக்குச் சுமார் ஒரு கிழமைக்கு ஒரு தடவை கொழுந்துக்குப் போவார்கள். ஒரே மேட்டில் நின்று எடுத்தால் மாதத்தில் நான்கு தடவை பச்சை ஏறி இறங்குவது தெரியும். ஆள் இல்லாமல் கவனிப்பாரற்ற மலை என்றால் பச்சை இறங்காது, புல் ஏறும். தோட்டத்தைக் காடாக விட்டுவிட்டார்கள் என்று தொழிலாளர் சொன்னால் நம்பாதவர்களுக்குத் தேதியோடு காட்டலாம். றப்பர் இருந்த இடத்தில் முள்ளுத்தேங்காய் வந்ததும், 2021 ஏப்ரலில் அரசாங்கம் அதைத் தடை செய்ததும் எல்லாருக்கும் தெரியும். நிலம் எப்படி மாறியது என்பதை நாள்வாரியாக நாமே எடுத்து வைத்திருந்தால், சுற்றுச்சூழல் பற்றிப் பேசும்போது நம்ம சொல்லுக்கும் ஒரு கனம் இருந்திருக்கும்.

லயத்துக்குள்ளும் அதே கதை. கூரைத் தகரத்தின் அதே ஓட்டை, அதற்கு அடியில் வைத்த அதே சட்டி. சம்பளத்துக்கு முந்திய கிழமை கடைக் கொப்பி, சம்பளத்துக்கு அடுத்த நாள் கடைக் கொப்பி. பீலிக்கரையில் விடியக்காலை வரிசை. ஒரு படத்தில் இது வறுமை. முப்பது படத்தில் வறுமை எப்படி இயங்குகிறது என்பது தெரியும்.

செய்யப்போகிறவர்களுக்கு

முதலாவது, எடுக்கும் முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குளிக்கிற இடம், சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேணும். படத்தால் யாருக்கும் வேலைத் தளத்தில் தொல்லை வரக்கூடாது; துரைக்கும் கண்டாக்கு ஐயாவுக்கும் முன்னால் நாளைக்கும் நிற்கப்போவது அவர்கள்தான்.

இரண்டாவது, நேரத்தையும் இடத்தையும் மாற்றாதீர்கள். விடியப்புறம் என்றால் முப்பது நாளும் விடியப்புறம். நல்ல வெளிச்சம் இல்லை, இன்றைக்கு எதுவும் நடக்கவில்லை என்று ஒரு நாளை விடாதீர்கள். எதுவும் நடக்காத நாள்தான் இதுவரை யாரும் எடுக்காத நாள்.

மூன்றாவது, படத்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு பிரதியாவது அச்சடித்து அவர்கள் கையில் கொடுங்கள். போன் தொலைந்துபோகும், பேஸ்புக் பக்கம் காணாமல் போகும். பெட்டிக்குள் இருக்கும் அட்டைப்படம் பேரப்பிள்ளை வரை போகும்.

கடைசியாக, எழுதிவையுங்கள். தேதி, தோட்டம், டிவிசன், அன்றைய வேலை, வேலை இல்லாவிட்டால் ஏன் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சம்பந்தப்பட்டவருக்குச் சம்மதமானால் அவர் பேர். கூலி, கொழுந்துக்காரி, பயனாளி, பாதிக்கப்பட்டவர் என்று அடுத்தவர்கள் எழுதியது போதும். அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அந்தப் பேரை, அவர் சொல்கிற எழுத்திலேயே, படத்துக்குப் பின்னால் எழுதுங்கள்.